ஏழில் வைத்த ரொட்டி

அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையிலேயே டோஸ்டருக்காகச் சண்டை போட்டோம்.

அலுவலக வண்டி ஏழரை மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். இரண்டு துண்டு ரொட்டியைச் செருகி, பிடியை அழுத்திவிட்டுத் தலை வாரப் போனேன். திரும்பி வருவதற்குள் சமையலறை முழுக்கப் புகை. எம்பி நின்ற ரொட்டி கரிக்கட்டையாக இருந்தது. டோஸ்டரின் பக்கவாட்டில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்ட திருகு ஒன்று உண்டு. அது ஏழில் நின்றது.

“யாருக்கா இதை ஏழுல வச்சது?”

“நான்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்ல?”

“கருகிப் போச்சு பாரு.”

“எனக்கு அப்படித்தான் வேணும். உனக்கு வேணும்னா திருப்பிக்கோ. கை இல்லையா?”

சொல்லிவிட்டு, நான் குப்பையில் போடப்போன அந்த இரண்டு துண்டையும் பிடுங்கிக்கொண்டாள். மேலே வெண்ணெயைத் தடவி, உப்பைத் தூவி, நறநறவென்று கடித்துத் தின்றாள். உதட்டோரம் கரி ஒட்டியிருந்தது. நான் சாப்பிடாமலேயே வண்டிக்கு ஓடினேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பத்து வருடத் திருமணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அக்காவின் லிங்கராஜபுரம் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். “ஒரு மாசம்தான்க்கா, வேற வீடு பார்த்துட்டுப் போயிடுவேன்” என்று சொன்ன வாய்க்குப் பயந்து, பெட்டிகளை முழுக்கப் பிரிக்கவில்லை. வேண்டிய துணியை மட்டும் உருவி எடுத்துவிட்டு மறுபடி மூடி வைத்துவிடுவேன். சனி ஞாயிறுகளில் ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் என்று வீடு பார்க்கப் போவேன். ஒன்றில் தண்ணீர் வராது, ஒன்றில் வெளிச்சம் வராது, ஒன்றில் “தனியா இருக்கிற லேடீஸா?” என்று இழுப்பார்கள். திரும்பி வந்து மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பேன். உட்கார முடியாது. உட்கார்ந்தால் ஏதோ ஒரு பேருந்தைத் தவறவிட்டுக்கொண்டிருப்பது போல எழுந்துவிடுவேன்.

டோஸ்டரிடமும் அப்படித்தான் நடந்துகொண்டேன். மூன்றில் வைப்பேன். பாதியிலேயே நிறுத்தும் பொத்தானை அழுத்தி ரொட்டியை வெளியே எடுத்துப் பார்ப்பேன். போதாது என்று மறுபடி உள்ளே தள்ளுவேன். மறுபடி நிறுத்துவேன். பேக்கரியில் அறுத்துத் தரும் ரொட்டி அந்தத் துவாரத்துக்குப் பெரியது. மேலே ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு வெள்ளையாகவே நிற்கும். அதைத் தலைகீழாகப் போட்டு மறுபடி ஒரு நிமிடம். இதற்குள் முதல் பக்கம் ஆறி விறைத்துவிடும்.

“ஒரு துண்டு ரொட்டிய ஒழுங்கா வேகவிட மாட்டேங்குறியேடி,” என்பாள் அக்கா. “சும்மா விடு அதை. தானா எந்திரிச்சு வரும்.”

நாங்கள் தங்கவயலில் வளர்ந்தவர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி வாங்குவார்கள். பாலில் ஊறவைத்து, மேலே சர்க்கரை தூவித் தருவார்கள். அதைத் தணலில் வாட்டித் தின்னலாம் என்பதே எனக்குப் பள்ளிக்கூட நாட்களில் தெரியாது. டோஸ்டர் என்ற ஒன்று எங்கள் குடும்பத்துக்குள் வந்தது அக்காவின் திருமணத்துக்கு வந்த பரிசாகத்தான். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு ரொட்டி நிறம் மாறக் கூடாது. தொட்டால் சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே பழ ஜாம். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தத் திருகு இரண்டில்தான் இருக்கும். பதினோரு வருடம் அது இரண்டை விட்டு நகர்ந்ததில்லை.

கொரோனா இரண்டாம் முறை சுற்றியடித்தபோது இரண்டு பேரும் படுத்தார்கள். இரண்டு பேரையும் வெவ்வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அக்கா மட்டும் வீடு திரும்பினாள். மாமாவை அவள் கடைசியாகப் பார்த்தது ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது.

அதனால்தான் திருகு அந்த ஏழாம் எண்ணில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். இரண்டில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. துக்கத்தில், கோபத்தில், அதை ஒரேயடியாகக் கடைசி எண்ணுக்குத் தள்ளிவிட்டாள். இப்படி நினைத்துக்கொண்டதும் சண்டை போடுவதை நிறுத்தினேன். ஆனால் தினமும் காலையில் அவள் ஏழில் விட்டதை நான் மூன்றுக்குத் திருப்புவேன். மாலையில் வந்து பார்த்தால் மறுபடி ஏழு. மூன்றாம் எண்ணுக்கு நேராகச் சிவப்புச் சாந்தில் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் அது துடைக்கப்பட்டிருந்தது. பேசாமல் நடந்த இந்த யுத்தம் நான்கு மாதம் நீடித்தது.

மாமா போன பிறகு அக்கா கேக் செய்து கொடுத்துப் பிழைத்துவந்தாள். பிறந்தநாள், ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். டிசம்பர் வந்தால் பழ கேக். முன்னறையையே வேலைக்கூடமாக்கி, பெரிய ஓவன் ஒன்றைச் சுவரோரம் வைத்திருந்தாள். ஒத்தாசைக்குக் கீழ்வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வருவார். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா அவரை ஆப்பா என்பாள். அவர்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு அக்கா என்று பொருள். ஆப்பாவுக்கு எங்கள் டோஸ்டரைக் கண்டாலே ஆகாது.

“மிஷின் ரொட்டி நமக்கு நக்கோ, வேணாம்,” என்பார். தோசைக்கல்லில் நெய் விட்டு, தட்டையான கரண்டியால் ரொட்டியை அழுத்தி அழுத்திச் சுட்டு, டீயில் முக்கித் தின்பார். முக்குவதற்கு ஏன் மொறுமொறுவென்று சுட வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “மெத்துனு இருந்தா டீக்குள்ள உழுந்துடும்மா. மொறுமொறுன்னு இருந்தா நம்ம பேச்சு கேக்கும்,” என்றார்.

அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில் என் அலுவலகத்தில் சென்னைக் கிளைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் எல்லாவற்றையும் விட்டுத் தூரமாகப் போய்விடலாம். அதே காரணத்தால் போகப் பயமாகவும் இருந்தது. நடை அதிகமானது. காலையில் மூன்று முறை பல் துலக்கியிருக்கிறேன், துலக்கினேனா என்று நினைவில்லாமல்.

அதே வாரம் அக்காவுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கீதப் பவனி போகும் வீடுகளுக்குக் கொடுக்க நாற்பது பழ கேக். ஆப்பா அந்த நேரம் பார்த்துக் கோலாருக்குப் போயிருந்தார். மகளுக்குப் பிரசவம். அக்கா தனியாகவே ஆரம்பித்துவிட்டாள்.

மதியமே வேலை முடிந்த ஒரு புதன்கிழமை. மாடிப்படி ஏறும்போதே அந்த வாடை வந்தது. கிராம்பு, பட்டை, ஊறிய திராட்சை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று. பழைய எண்ணெயில் பொரித்த அப்பளத்தை டப்பாவில் மறந்துவைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அடிக்குமே, அந்தச் சிக்கு வாடை. உள்ளே போனேன். மேசை முழுக்க கேக்குகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. இருபத்தேழோ இருபத்தெட்டோ. அக்கா அடுத்த மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பும் சந்தோஷமும்.

“அக்கா, வெண்ணெய் கெட்டுப் போயிருக்குது.”

“என்னா?”

“வெண்ணெய். படியிலேயே நாறுது.”

“ஆரம்பிச்சுட்டியா? வந்த நாள்லேர்ந்து உனக்கு இந்த வீட்ல எதாவது ஒண்ணு சரியில்ல.”

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மிச்சமிருந்த கட்டியை எடுத்து முகர்ந்தேன். குமட்டியது. சபைக் கூட்டத்துக்காக அக்கா இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது கரண்ட் போய்ப் போய் வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. நானும் அந்த இரண்டு நாளும் வீடு பார்க்கிறேன் என்று வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு கேக்கின் ஓரத்தைப் பிய்த்து அவளிடம் நீட்டினேன். வாயில் போட்டு மென்றாள்.

“நல்லாத்தானே இருக்குது.”

“அக்கா, நிஜமா உனக்குத் தெரியலையா?”

“என்னா தெரியணும்? இனிப்பு சரியா இருக்குது. மெத்துனு வந்திருக்குது. போ, போயி முகத்த கழுவு.”

அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதைக் கவனித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இப்போது நினைத்தாலும் கூசுகிற காரியம் ஒன்றைச் செய்தேன்.

“கண்ண மூடு,” என்றேன்.

“எதுக்கு?”

“மூடுக்கா. ஒரே ஒரு நிமிஷம்.”

என்னை விரட்டினால் போதுமென்று நினைத்தாளோ என்னவோ, மூடினாள். குளியலறைக்குப் போய் ஃபினாயில் பாட்டிலை எடுத்துவந்து, மூடியைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன். எனக்கே கண் எரிந்தது. அவள் ஒருமுறை ஆழமாக இழுத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு, பரீட்சையில் தெரியாத கேள்விக்குப் பதில் எழுதும் குழந்தையின் குரலில் சொன்னாள்.

“வெனிலா.”

பாட்டிலை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை மெதுவாகப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா?” என்றேன்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததிலேர்ந்து.”

இரண்டரை வருடம். அவளாகவே பேசினாள். முதலில் எல்லாருக்கும் போல இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்று இருந்தாளாம். வரவில்லை. அதற்குள் மாமா போய்விட்டார். அந்த வீட்டில் மூக்கைப் பற்றி யாரிடம் பேசுவது என்று விட்டுவிட்டாள். கேக் வேலையை ஆரம்பித்த பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று. வாசனை தெரியாதவள் செய்த கேக்கை யார் வாங்குவார்கள்? எல்லாவற்றையும் நேரம் பார்த்து, நிறம் பார்த்து, கையால் அழுத்திப் பார்த்துச் செய்தாள். ஏலக்காய் எத்தனை, பட்டை எத்தனை என்பது கணக்காகத் தெரியும். அது மணக்கிறதா என்பது மட்டும் தெரியாது.

“அவரு சட்டை ஒண்ணு வச்சிருந்தேன்டி, துவைக்காம,” என்றாள். “தினமும் மோந்து பார்ப்பேன். ஒண்ணும் வராது. ஒருநாள் துவைச்சுப் போட்டுட்டேன்.”

நான் ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

“அதான் ரொட்டிய அப்படிக் கருக்குறியா?”

“அஞ்சுல வச்சாக்கூட அட்டைய மெல்லுற மாதிரிதான் இருக்குது. உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, இதுதான் நாக்குல நிக்குது. ஏழுல வச்சா கசக்கும். சத்தமும் கேக்கும். காலையில எந்திரிச்சதும் ஏதோ ஒண்ணைத் தின்னோம்னு தெரியணும்ல.”

நான்கு மாதம் அதே சமையலறையில் நின்று, அதே திருகைத் தினமும் திருப்பியிருக்கிறேன். என்னுடைய மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. துக்கம் என்று நானே ஒரு பெயர் வைத்து, அதோடு விட்டுவிட்டேன்.

அழுவதற்கெல்லாம் நேரமில்லை. சபையில் கேக் வாங்கப் பொறுப்பாக இருந்த அம்மாளுக்கு அக்காவே போன் செய்தாள். வெண்ணெய் சரியில்லை, ஒருநாள் தாமதமாகும் என்றாள். “ஒருநாள்தானே, பரவாயில்ல சிஸ்டர்,” என்றார் அந்த அம்மாள். செய்த கேக் எல்லாவற்றையும் சாக்குப் பையில் கட்டினோம். கட்டும்போது அக்கா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள். நல்ல பதத்தில் வெந்திருந்தன, அதுதான் கொடுமை.

மறுநாள் நான் விடுப்பு எடுத்தேன். காலையிலேயே கம்மனஹள்ளிக்குப் போய்ப் புது வெண்ணெய் வாங்கி, கடையிலேயே ஒவ்வொரு கட்டியையும் பிரித்து முகர்ந்தேன். “ஏன் மேடம், ஒந்தொந்தாகி நோடுத்தீரா?” என்று சிரித்தார் கடைக்காரர். ஆமாம், ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பேன் என்றேன்.

திரும்பி வந்தபோது ஆப்பா எங்கள் முன்னறையில் உட்கார்ந்து பாதாம் நறுக்கிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்துவிட்டான், கோலாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அக்கா குளிக்கப் போயிருந்தாள். அவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரியாமல் வெண்ணெய் கெட்ட கதையை மட்டும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“நான் இல்லாதப்ப அதை யாரு மோந்து பார்ப்பா? அதான் ஆயிப்போச்சு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“அரே, ரெண்டு வருசமா தெரியும். பால் திரிஞ்சு நாறுது, தங்கச்சி அதைக் கையில வச்சிக்கினு பேசிக்கினு இருக்குது. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எல்லாம் நான் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்குறது. முட்டை, வெண்ணெய், முந்திரி, எல்லாம்.”

“ஏன் சொல்லலை?”

“அது சொல்லலையே. அது சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?”

குளியலறைக் கதவு திறந்தது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. அக்கா ஈரத்தலையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் போய் மாவைச் சலிக்க ஆரம்பித்தாள். இத்தனை நாள் தானாகச் சமாளித்துவிட்டோம் என்ற எண்ணம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்தது. அதுவும் போயிற்று. மதியம்வரை நாங்கள் மூன்று பேரும் வேலை செய்தோம். நான் முகர்ந்து கொடுத்தேன், ஆப்பா நறுக்கினார், அக்கா கலக்கி ஓவனில் வைத்தாள். எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பால்கனிக்கும் அறைக்குமாகப் போய்ப் போய் வந்தேன்.

முதல் தட்டு வெளியே வந்தபோது, அக்கா அதைத் தூக்கி என்னிடம் நீட்டாமல் ஆப்பாவிடம் நீட்டினாள்.

“எப்படி இருக்குது, சொல்லுங்க.”

ஆப்பா குனிந்து, கண்ணை மூடி முகர்ந்தார். அவசரப்படவில்லை. கண்ணைத் திறந்து, “ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்குது,” என்றார்.

“எப்பவுமே அப்படித்தானா?”

“எப்பவுமே.”

“இத்தினி நாளா சொல்றதுக்கு என்னா?” என்று அக்கா கத்தினாள். கத்தும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. ஆப்பா எழுந்துபோய் பாதாம் நறுக்கிய கையோடு அவளைக் கட்டிக்கொண்டார். மறுநாள் நாற்பது கேக்கும் போய்ச் சேர்ந்தன. ஏலக்காய் குறைத்துப் போட்டவை.

ஜனவரியில் அக்காவை மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, நீலகிரித் தைலம் என்று நான்கு சின்ன பாட்டில்களைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். வந்தாலும் முதலில் தப்புத்தப்பாக வரும், பயப்பட வேண்டாம் என்றார். அக்கா தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து அந்தப் பாட்டில்களை ஒவ்வொன்றாக மூக்கில் வைப்பாள். ஒன்றும் வராது. மூடி வைத்துவிட்டு எழுந்து போவாள்.

சென்னைக்குப் போகவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பதில் சொல்ல இன்னும் ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருந்தேன். காலைச் சிற்றுண்டியின்போது அக்காவிடம் சொன்னேன்.

“எதுக்கு? என் மூக்குக்குக் காவல் இருக்கவா?” என்றாள். “ஆப்பா இருக்காங்க. நீ போ. இங்க இருந்தா நீ நடந்து நடந்தே தரைய தேச்சுடுவ.”

“அங்க போனா மட்டும் நிப்பேனா?”

“நிக்க வேணாம். அங்க நட. இடமாவது மாறும்.”

போனேன். திருவான்மியூரில் ஓர் அறை கிடைத்தது. பெட்டிகளை வந்த அன்றே பிரித்துத் துணிகளை அடுக்கினேன். அதனால் மனம் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. புது ஊரில் காலை நான்கரைக்கே விழிப்பு வந்துவிடும். கடற்கரைவரை போய்த் திரும்புவேன், மறுபடி போவேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன். அவ்வளவு காலையில் அழைக்கமாட்டாள். என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

“ஏதோ வருதுடி,” என்றாள்.

“என்ன வருது?”

“தெரியல. நாத்தம் மாதிரி. ரப்பர் எரிஞ்சா வருமே, அந்த மாதிரி. இல்ல, அதுவும் இல்ல. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறப்ப வரும்ல? அது.”

“எங்கேர்ந்து வருது?”

“காப்பியிலேர்ந்து. இப்பதான் கலந்தேன். கப்பை வாய்கிட்ட கொண்டு போனேன், குப்புனு அடிக்குது. ஆப்பாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். நல்ல காப்பிதான்னு சொல்றாங்க.”

“கொட்டிட்டு வேற போடு.”

“கொட்ட மாட்டேன், போடி.”

அவள் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் ஆப்பா ஏதோ சொன்னார், அக்கா அதட்டினாள். “சே, தாங்க முடியலடி,” என்றாள் மறுபடி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் இன்னொரு மிடறு. நான் மணலில் நின்றுவிட்டிருந்தேன். முதலிலிருந்து சொல்லு, எப்படி இருக்குதுன்னு சொல்லு என்று கேட்டேன். அவள் மறுபடி ரப்பரிலிருந்து ஆரம்பித்தாள்.